நாலாவது வேப்பங்கொம்பு

என் கணவர் பாலசுப்பிரமணியை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அட்வைசரி' என்பார்கள். ஃபீஜியில் டவுனுக்குள் இருப்பவர்களுக்கு கவுன்சில் இருந்தது. ஃபீஜியர்களின் கிராமங்களுக்குத் தலைவர்கள் இருந்தார்கள். இரண்டிலும் சேராத எங்களைப் போன்ற கரும்புக்காட்டு ஜனங்களுக்கு, செட்டில்மெண்டுக்கு ஒரு ஆள் என்று அரசாங்கம் வைத்திருந்தது. அவர்தான் அட்வைசரி கவுன்சிலர். ரோடு உடைந்தாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், செத்தவரை எரிக்க அனுமதி வேண்டுமென்றாலும் ஜனங்கள் அவரிடம் வருவார்கள். அவர் ஜில்லா ஆபீசரிடம் போய்ச் சொல்வார். சொல்லலாம், அவ்வளவுதான். அதிகாரம் ஒன்றும் கிடையாது.

எங்கள் செட்டில்மெண்டின் பெயர் வுனிதோங்கோ. ஃபீஜி பாஷையில் கண்டல் மரத்தடி என்று அர்த்தம். நாங்கள் தோங்கோ என்றே சொல்வோம். மேலே மலையடிவாரம் வரைக்கும் கரும்பு, நடுவில் வீடுகளும் மாரியம்மன் கோயிலும், கீழே ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கண்டல் காடு, பிறகு கடல். அந்தக் கண்டல் காட்டு ஓரத்து மேட்டில்தான் எங்கள் சுடுகாடு. அதற்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு புன்னை மரத்தடியில் எங்கள் பையன் கிருஷ்னீலின் குழி. காய்ச்சலில் போனான். ஏழு வயது. பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். அவர் தினமும் வேலை முடிந்து அந்தப் பக்கம் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்டதில்லை. செருப்பில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சேறு சொல்லும்.

இரண்டாயிரத்தில் மே மாதம் இந்தியர் ஒருவர் பிரதமராக இருந்த ஆட்சியைக் கவிழ்க்க பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் நுழைந்தார்கள். எண்பத்தேழில் ஒருமுறை பார்த்தாயிற்று. அப்போது என் அண்ணன் குடும்பத்தோடு சிட்னி போனான். இந்த முறை போகிறவர்கள் யோசிக்கக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்த முகம் அடுத்த ஞாயிறு இருக்காது. மாட்டை யாரிடமாவது பிடித்துக் கொடுத்துவிட்டு, நாயை அவிழ்த்து விட்டுவிட்டுப் போனார்கள். அந்த நாய்களெல்லாம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து படுத்துக்கொண்டன. அட்வைசரி வீடு என்று அவைகளுக்கும் தெரிந்திருந்தது போல.

ஜனம் குறைந்ததும் ஆபீசிலிருந்து பேச்சு வந்தது. தோங்கோவைத் தனிப் பிரிவாக வைத்திருக்க வேண்டுமா என்று யோசிக்கிறார்களாம். கரும்புப் பக்கத்தை அடுத்த செட்டில்மெண்டோடு சேர்த்துவிட்டு, கடற்கரைப் பக்கத்தை டவுனுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை. டவுனுக்குக் குப்பை கொட்ட இடம் வேண்டியிருந்தது. கண்டல் காட்டை நிரப்பினால் பல வருஷத்துக்குக் கவலை இல்லை.

அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

"கிருஷ்னீல் மேல குப்பையக் கொட்டுவானுங்க, சுமித்ரா," என்றார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தோங்கோ ஒரே பிரிவாக இருக்க வேண்டும், அதன் எல்லை கடல் வரைக்கும் போக வேண்டும். கரை எங்கள் பிரிவுக்குள் இருந்தால், எங்களைக் கேட்காமல் டவுன் அங்கே ஒரு வண்டி மண்கூடக் கொட்ட முடியாது. அவர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ரோட்டில் சிப்பாய்கள் மறித்தாலும் போனார். ஜில்லா ஆபீசர் இலியேசா என்பவர் அமைதியான மனிதர், ஃபீஜியர், எங்களைவிட நன்றாக இந்தி பேசுவார், இவரை பாய், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். பழைய காலத்தில் தோங்கோவின் எல்லையைச் சரியாக யாரும் வரையவில்லை என்று அவர் சொன்னார். "நான் நேரில் வருகிறேன், பாலா பாய். உங்கள் ஜனங்கள் எதை எல்லை என்று வைத்திருக்கிறார்களோ அதைப் பார்த்து முடிவு செய்கிறேன்."

என் கணவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "துராங்கா, அப்படின்னா ஆடி மாசம் வாங்க. எங்க அம்மனுக்கு எல்லை கட்டுவோம். எங்க பாட்டன் காலத்துலேருந்து அதே இடம். கண்ணால பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். துராங்கா என்பது ஃபீஜி பாஷையில் ஐயா மாதிரி.

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் பெருமையாகச் சொன்னபோது எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். இரண்டு பேரும் அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள்.

ஆடியில் தீமிதிக்குக் காப்புக் கட்டும் நாளில், பூசாரி கோவிந்தசாமி உடுக்கை அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார். நாலு இடத்தில் வேப்பங்கொம்பு நட்டு, எலுமிச்சம்பழம் அறுத்து, குங்குமம் தடவி வைப்பார். ஒன்று ரோட்டோரம், ஒன்று மலையடியில், ஒன்று கரும்புக் காட்டின் கோடியில், நாலாவது ஓடைக் கரையில். காப்புக் கட்டியவர்கள் நெருப்பு மிதித்து முடிக்கிறவரை கோயிலிலேயே தங்க வேண்டும். அந்த நாலு கொம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காப்பு போயிற்று. என் கணவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மிதிக்கிறவர். கிருஷ்னீல் செத்த வருஷம்கூட மிதித்தார். அந்த வருஷமும் காப்புக் கட்டியிருந்தார்.

ஆபீசர் வருகிற அன்று நாங்கள் ஓடைக் கரைக்குப் போனோம். என் கணவர் மஞ்சள் வேட்டியோடு, கையில் மஞ்சள் காப்புக் கயிற்றோடு முன்னால் நடந்தார். பூசாரி, நான், பக்கத்து வீட்டு சரோஜ், மிச்சமிருந்த ஜனங்கள் பின்னால். ஆபீசர் டவுனிலிருந்து கடற்கரை வழியாகவே வந்துவிட்டார், கண்டல் காட்டையும் பார்த்துவிடலாம் என்று. அதனால் அவர் அந்தக் கரையில் நின்றார். கூட டவுன் கவுன்சிலின் ஆள் பிஜேந்திரா. நடுவில் ஓடை. ஒரு மாட்டுக் கயிற்றை வீசினால் அந்தப் பக்கம் எட்டும், அவ்வளவுதான் அகலம். தண்ணீர் முழங்கால் அளவு.

"பாலா பாய், இந்தப் பக்கம் வாருங்கள், பேசலாம்" என்றார் ஆபீசர். எல்லாம் இந்தியில்தான் பேசினார்கள்.

இவர் கையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினார். "வர முடியாது, துராங்கா. தம்பு."

தம்பு என்றால் ஃபீஜியர்களுக்கு விளக்கம் வேண்டாம். விலக்கு என்றால் விலக்குதான். ஆபீசர் தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பக்கத்திலேயே ஒரு சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார். இவர் ரோட்டோரக் கொம்பு, மலையடிக் கொம்பு, கரும்புக் கோடிக் கொம்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நன்றாகப் பேசினார். பாட்டன் பேரைச் சொன்னார், கூலி லைனிலிருந்து வந்தவர்கள் முதலில் குடிசை போட்ட இடத்தைச் சொன்னார். "நூறு வருஷமா இதுதான் எங்க எல்லை. நாங்களா கட்டினது இல்ல, அம்மன் கட்டினது."

பிஜேந்திரா சிரித்தான். அவன் எங்கள் எதிரி இல்லை. வரதோலியில் என் பெரியம்மா வீட்டுக்குப் பின் தெருக்காரன், கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வேலையாக வந்திருந்தான்.

"அட்வைசரி பாய், நாலாவது கொம்பு எங்கே?"

இவர் தன் காலடியைக் குனிந்து பார்த்தார்.

"உங்கள் காலடியில் இருக்கிறதே, அதுதானே? ஓடைக்கு அந்தப் பக்கம்." பிஜேந்திரா ஆபீசரிடம் திரும்பினான். "இவர்களுடைய அம்மனே கோடு போட்டுக் கொடுத்துவிட்டாள். ஓடைக்கு இந்தப் பக்கம் இவர்களுடையது இல்லை. நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்."

சரோஜ் என் காதருகே, "ஐயய்யோ, இந்த மனுஷன் என்ன பண்ணிட்டாரு," என்றாள்.

சுடுகாடு எல்லைக்குள் இருக்கக் கூடாது. எங்கள் வழக்கம் அப்படித்தான். செத்தவர்களை எல்லைக்கு வெளியேதான் வைப்பார்கள், அதனால்தான் நாலாவது கொம்பு எப்போதும் ஓடைக்கு இந்தப் பக்கமே நிற்கும். அந்தக் கரையை எங்களோடு சேர்க்கவென்று அவர் அம்மனைச் சாட்சிக்கு அழைத்தார். அம்மன் அந்தக் கரையைத் தள்ளி வைத்திருந்தாள்.

"பாலா பாய், பதில் சொல்லுங்கள்," என்றார் ஆபீசர். குரலில் வருத்தம் இருந்தது. "எது உங்கள் எல்லை? நீங்கள் நிற்கிற இடமா?"

அவர் ஆபீசரைப் பார்க்கவில்லை. ஆபீசருக்குப் பின்னால் புன்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டுகிற விதத்தில் தெரிந்தது.

"பாலு!" பூசாரி சத்தம் போட்டார். "கையில காப்புடா! புத்தி கெட்டுப் போச்சா? ஊருக்கே ஆகாதுடா!"

அவர் வேப்பங்கொம்பைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. அதன் முன் நின்று, குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஓடையில் இறங்கினார். தண்ணீர் அவர் முழங்காலுக்கு வந்து, பிறகு இறங்கியது. அந்தக் கரை ஏறினார். ஆபீசரைக் கடந்து, பிஜேந்திராவைக் கடந்து, புன்னை மரத்தடிக்குப் போய் நின்றார்.

"இங்க என் பையன் இருக்கான்" என்றார். இந்தி விட்டுப்போய்த் தமிழில் சொன்னார். பிறகு தானே உணர்ந்து இந்தியில் சொன்னார். "சாமி எல்லை அங்கே. என் எல்லை இது. நான் இங்கே நிற்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

ஆபீசர் எழுந்து அங்கே போனார். குழியைச் சுற்றி நாங்கள் பதித்திருந்த வெள்ளைக் கற்களைப் பார்த்தார். பிறகு, ஃபீஜியர்கள் மரியாதைக்கு உட்காருவது போல, சட்டையோடும் இடுப்பில் சுற்றிய சூலுத் துணியோடும் அந்த ஈர மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையைக் குவித்து மெதுவாகத் தட்டினார். பிஜேந்திரா என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எங்கள் கிராமத்தில் செத்தவர்களை வீட்டுக்குப் பக்கத்திலேயே வைப்போம்," என்று ஆபீசர் சொன்னது எனக்கு இந்தக் கரையிலிருந்து கேட்டது. "வெளியே வைக்கிற வழக்கம் எனக்குப் புரியவில்லை. ஆனால் இது புரிகிறது."

என் கணவர் திரும்பி வந்ததும் பூசாரி கோவிந்தசாமி காப்புக் கயிற்றை அறுத்து ஓடையில் போட்டார். தீமிதி அன்று இவர் கூட்டத்துக்குப் பின்னால், எரிகிற கட்டைகளின் வெளிச்சம் படாத இடத்தில், சாதாரணச் சட்டையோடு நின்றார். நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். மேளம் உச்சத்துக்குப் போனபோது அவருடைய பாதங்கள் தரையில் தானாக அசைந்தன. அதன் பிறகு அவர் மிதிக்கவே இல்லை. பூசாரியும் அவருக்குக் காப்புக் கட்ட முன்வரவில்லை.

வருஷக் கடைசியில் ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வுனிதோங்கோ தனிப் பிரிவாகவே இருக்கும், கடல் வரைக்கும். அவர் சந்தோஷப்பட்டதாகச் சொல்ல முடியாது. செய்தி வந்த அன்று எதிர் வீட்டுச் சாமான்களை ஆக்லாந்து போகிறவர்களுக்காகக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தமிழில் பிரிவு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். எங்கள் ஜனங்களின் சங்கம் நடத்திய பள்ளியில் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் இரண்டாவதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ஊரில் ஏதாவது கெட்டது நடந்தால், வெள்ளம் வந்தாலும், கரும்பு நிலத்தின் குத்தகை புதுப்பிக்காமல் போனாலும், அட்வைசரி எல்லை தாண்டினதுதான் காரணம் என்று சிலர் பேசினார்கள். அவர் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்தார். அவர்களுடைய குழாய்க்கும் ரோட்டுக்கும் முன்பு போலவே ஆபீசுக்கு நடந்தார்.

இரண்டாயிரத்து ஆறில் மறுபடி சிப்பாய்கள் வந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் அறுவடைக் காலத்தில், லாரியில் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்த என் கணவர் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவரை எரிக்க அனுமதி வாங்க யாரிடம் போவது என்று ஜனங்கள் முழித்தார்கள். அதற்குப் போகிற ஆளே அவர்தான். கடைசியில் சரோஜின் புருஷன் ராமச்சந்திரன் போய் வாங்கி வந்தான்.

ஓடையில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கரையில் பூசாரி கோவிந்தசாமி நின்றுகொண்டிருந்தார். பாடைக்குத் தோள் கொடுக்க வந்தார். "முன்னால நான் பிடிக்கிறேன்" என்று ஒருவனை விலக்கிவிட்டு, அந்த வயதில், தண்ணீரில் இறங்கினார். புன்னை மரத்துக்கும் கடலுக்கும் நடுவில் சிதை அடுக்கியிருந்தார்கள். டவுனின் ஒரு வண்டிக் குப்பைகூட அங்கே விழுந்திருக்கவில்லை. நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்த ஆடிக்கு எல்லை கட்டுகிற நாளில் பூசாரி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உடுக்கை கையில் இருந்தது. உள்ளே வரவில்லை.

"நாலாவது கொம்ப எங்கம்மா நடணும்?" என்றார்.

"என்னக் கேக்குறீங்களே, சாமி. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். எங்கப்பன் சொல்லிக் கொடுத்தது தெரியும்." உடுக்கையின் கயிற்றைத் திருகினார். "இருக்கிறவங்களவிட அந்தப் பக்கந்தான் இப்ப நம்ம ஜனம் அதிகம். அவங்கள வெளிய நிறுத்திட்டு யாருக்கும்மா காப்புக் கட்டுறது?"

நான் அவரோடு போனேன். ஓடையைத் தாண்டினோம். புன்னை மரத்தைத் தாண்டி, சிதை எரிந்த கறுப்பு இடத்தையும் தாண்டி, கண்டல் வேர்கள் தொடங்குகிற இடத்தில் அவர் குழி தோண்டினார். மண் சேறாக இருந்ததால் கொம்பு நிற்கவில்லை, சாய்ந்து சாய்ந்து விழுந்தது. கிருஷ்னீலின் குழியிலிருந்து இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்து வந்து நான் முட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நானும் வந்துவிட்டேன். மகள் சஞ்சனா ஆக்லாந்தில் இருக்கிறாள், அவள் வீட்டில் இருக்கிறேன். தேர்ந்தெடுத்த டவுன் கவுன்சில்களை அரசாங்கம் கலைத்தது, பிரிவுகளையும் மாற்றினார்கள் என்று ராமச்சந்திரன் சொன்னான். இலியேசா துராங்கா எழுதி வைத்த கோடு இன்னும் இருக்கிறதா என்று அவனுக்கும் தெரியவில்லை. பூசாரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவர் தங்கை மகன் உடுக்கை அடிக்கிறான். அவனுக்குத் தமிழ் சரியாக வராது, அம்மன் தாலாட்டைக்கூட இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறானாம்.

போன ஆடியில் சரோஜுக்குப் போன் செய்தேன். மேளச் சத்தத்தில் அவள் கத்திப் பேசினாள்.

"எல்லை கட்டியாச்சா, சரோஜ்?"

"ஆச்சு அக்கா. காலையிலயே சுத்தி வந்துட்டோம்."

"நாலாவது கொம்பு?"

"என்ன அக்கா, வருஷா வருஷம் இதையே கேக்குற." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அங்கதான் அக்கா. அட்வைசரி அண்ணனுக்கு அந்தப் பக்கம். உடுக்கை அடிக்கிற பையனுக்கு ஏன்னு தெரியாது. அங்கதான் நடணும்னு மட்டும் தெரியும்."