கையெழுத்து மட்டும் இருந்த தாள்

...அதிலும் நூடுல்ஸை வெட்டக் கூடாது, வெட்டினால் பிறந்தநாள் கொண்டாடும் டீன் மேடத்தின் ஆயுள் குறைந்துவிடும், ஆகவே நீளநீளமாக முள்கரண்டியில் சுற்றி வாய்க்குள் தள்ள வேண்டும், தள்ளிக்கொண்டே சிரிக்கவும் வேண்டும். மெர்லிண்டா சிரித்தாள். மணி பன்னிரண்டு நாற்பது. விண்ணப்பம் ஐந்து மணிக்குள் மணிலாவில் இருக்கும் தேர்வுக் குழுவுக்குப் போக வேண்டும், அதோடு போகும் பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்து வேண்டும், கையெழுத்துப் போட வேண்டிய டீன் உள்ளே காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு கேக் வெட்டுகிறார். ஐம்பத்தெட்டு வயதில் காகிதக் கிரீடம்... "மொதல்ல சாப்பிடு மெர்லி, பொறந்தநாள் அன்னிக்குப் பேப்பரை நீட்டாதே, ஆகாது" என்று வாசலிலேயே மறித்துவிட்டாள் நெனெத் அக்கா, டீனின் உதவியாளர், பதினெட்டு வருடமாக அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவள். "நார்வேயில இந்த நூடுல்ஸ் கெடைக்காதுடி, அங்க பனியத்தான் திங்கணும்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நார்வே ஆய்வு உதவித்தொகை. இரண்டு வருடம், பயணம், வீடு, சம்பளம் எல்லாம் அவர்கள் செலவு, மீன்குளங்களைப் பற்றி ஆராய வேண்டும், அவ்வளவுதான். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அக்டோபரில் அவளுக்கு நாற்பது. ஒரு கல்லூரிக்கு ஓர் இடம். விண்ணப்பித்திருப்பவர்கள் இரண்டு பேர், அவளும் ஜோவெனும். ஜோவென், மூன்று வருடம் முன்பு சேர்ந்தவன், டீனின் ஞானமகன், ஞானஸ்நானத்தின்போது அவனைக் கையில் ஏந்தி நின்றவரே டீன்தான், அப்புறம் அவள் எதற்கு இங்கே தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறாள்?

இதோ, அவனே வருகிறான். வெள்ளைச் சப்பாத்து. மூன்று வருடத்தில் அந்தச் சப்பாத்தில் ஒரு துளி சேறு பார்த்ததில்லை. "அக்கா, லெட்டர் சூப்பர்க்கா. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், இது நீதானாடான்னு கேட்டாங்க." மெர்லிண்டா என்ன சொன்னாள், நல்லது என்றாளா, தலையாட்டினாளா... இந்தக் கல்லூரியில் பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் வேண்டியவரே எழுதிக்கொண்டு போக வேண்டும், பெரியவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், அதுதான் வழக்கம், யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. இவனுக்கு எழுத வராது. மூன்று வாரம் முன்பு ஒரு பெட்டி இனிப்போடு வந்து நின்றான். டீனும் நடைபாதையில் போகிற போக்கில், "கொஞ்சம் எழுதிக் குடு மெர்லி, உனக்குத்தான் இங்கிலீஷ் கொட்டிக் கெடக்கே" என்றார். கொட்டித்தான் கிடந்தது. சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள், சோறு வேகும் முன் ஐந்து பத்தி முடிந்துவிட்டது. போட்டிக்காரனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த மடச்சி உலகத்தில் இவள் ஒருத்திதான். எழுதச் சொன்னவருக்கு வெட்கமில்லை, எழுதி வாங்கியவனுக்கு வெட்கமில்லை...

"மெர்லி, உள்ள வா." டீன் கிரீடத்தைக் கழற்றவில்லை. மேசையில் இரண்டு கடிதங்களும் அடுத்தடுத்து இருந்தன. "ஜோவெனோடதைப் படிச்சு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. புயல் அடிச்ச மறுநாள், விடியக்காலை நாலு மணிக்கு, முழங்கால் சேத்துல நின்னு குளத்துத் தண்ணியில உப்பு அளந்தான்னு எழுதியிருக்கியே, என் புள்ளை இவ்ளோ பாடு பட்டது எனக்கே தெரியாது பாரு." அந்தச் சேறு. குளக்காவலாளி பிடித்திருந்த விளக்கு, கரை உடைந்து செத்து மிதந்த மீன்களின் வெள்ளை வயிறுகள், ஒன்பது வருடம் ஒரு வாரம் தவறாமல் அவள் அளந்த அளவு... அது யாருடையது மேடம், கேளுங்கள், உங்கள் பிள்ளையைக் குளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். "உன்னோடதையும் பார்த்தேன். 'ஒப்படைத்த பணியைக் குறைவின்றிச் செய்வார்'. என்னடி இது? கேன்டீன்காரிக்குக்கூட நான் இதைவிட நல்லா எழுதுவேன்." வாசலில் நெனெத் அக்கா சிரித்தாள். டீன் சிரிக்கவில்லை. "ஞானமகன்னு அவனுக்கு ஒரு வார்த்தை நான் சேக்கல. உன்னோடதுல ஒரு வார்த்தை குறைக்கவும் இல்ல. ரெண்டுலயும் நீ எழுதினதுதான் போகுது." அதுதான் வலித்தது. இழுப்பறையிலிருந்து கல்லூரி முகவரி அச்சிட்ட வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. வேற அடிச்சிட்டு வா. நான் படிக்கக்கூட மாட்டேன்." மெர்லிண்டா தாளை வாங்கிக்கொண்டாள். "ஹேப்பி பர்த்டே மேடம்" என்றாள்.

ஒன்று இருபது. துறை அறையில் கணினி ஒன்றுதான், சாப்பாட்டு நேரம், யாருமில்லை. அச்சு எந்திரத்தில் அந்தத் தாளை வைத்தாள், கையெழுத்து கீழே பார்த்து இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தாள். இனி மேலே என்ன வந்தாலும் சம்மதம் என்று கீழே எழுதியாகிவிட்டது. எழுது. எதை எழுதுவாள், சேறு அவனிடம் இருக்கிறது, புயல் அவனிடம் இருக்கிறது, ஒரே கல்லூரியிலிருந்து வரும் இரண்டு கடிதத்திலும் ஒரே சேறு இருந்தால் மணிலாவில் யாரைப் பொய்யர் என்பார்கள்? பிடுங்கிக்கொண்டான் என்று மனம் பல்லைக் கடித்தது... அவன் எங்கே பிடுங்கினான், அவனுக்கு அந்தப் புயல் நாள்கூடத் தெரியாது, ஒரு பக்கம் கடிதமும் ஒரு பெட்டி இனிப்பும்தான் அவன் கணக்கு, மீதி எல்லாம் அவளாக அள்ளிப் போட்டது. ஏன்? அன்று அவன் பெயரில் எழுதும்போது கை ஓரிடத்தில்கூடத் தயங்கவில்லையே. தன்னுடையதற்கு நான்கு நாள் உட்கார்ந்தாள், ஒவ்வொரு வரியாக அழித்தாள், பெருமையடிக்கிறாள் என்று யார் சொல்லிவிடுவார்கள், யார் படிக்கப் போகிறார்கள்... முதல் வரியில் தன் பெயரை அடித்தாள். 'ஒப்படைத்த' என்று விரல் தானாகப் போனது. அழித்தாள். மறுபடி பெயர், மறுபடி அதே சொல். நடைபாதையில் யாரோ பிறந்தநாள் பாட்டை மறுபடி ஆரம்பித்தார்கள். குளத்தின் மண்ணைப் பற்றி இன்னும் சொல்லாதது இருக்கிறது, அவனிடம் போகாதது, இரண்டாவது வருடம் கண்டுபிடித்தது... அவள் தன் பெயரை அழித்தாள். கடைசியில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அந்த இடத்தில் ஜோவென் என்று அடித்துவிட்டு, விரல்களை எடுக்காமல் காத்திருந்தாள்.