சாயங்காலம் அழியப்போகும் கதை

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. இன்று காலை என் கணவர் குழந்தைவேல் கேட்டார்: "உள்ள இன்னா இன்னா இருக்குது, சொல்லு."

உள்ளே என்றால் கணினிக்குள்ளே.

2

2018ஆம் ஆண்டின் ஒரு மந்தமான காலையில் நெய்வேலி... (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

நேராகச் சொல்கிறேன். எங்கள் குவார்ட்டர்ஸில் இருப்பது பழைய முப்பத்திரண்டு பிட் கணினி. அந்த ரகத்தை எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். பிரவுசர் திறப்பதில்லை, மெயில் போவதில்லை. விண்டோஸ் மாதிரி கணினியை ஓட்டுகிற லினக்ஸ் ஒன்றை இவர் புதிதாகக் கொண்டுவந்தார்; அது இந்த பிராசஸரில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டது. பழசைக் கைவிடாத சின்ன லினக்ஸ் ஒன்று வீட்டின் ஒரே பென் டிரைவில் தயாராக இருக்கிறது. அதைப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும்.

3

இவர் மைன்ஸில் ஷிப்ட் ஆள். அங்கே ஷிப்ட் முடிந்தவர், அடுத்து வருகிறவரிடம் மெஷினைப் பற்றி வாயால் சொல்லி சார்ஜ் கொடுக்காமல் நகரக் கூடாது. வீட்டிலும் அதே பிடிவாதம்.

"நாயகி, நீதான ஓட்டிகினு இருந்த? நீதான் சார்ஜ் கொடுக்கணும். நீ சொல்லாத எதையும் எடுத்து வைக்க மாட்டேன்."

"போட்டோ இருக்குதுங்க. தங்கச்சி கல்யாண வீடியோ. டியூஷன் கொஸ்டின் பேப்பரு."

"அவ்ளோதானா?"

நான் வாயைத் திறந்து...

4

உள்ளே ஒரு கதை இருக்கிறது. நான் எழுதுவது இவருக்குத் தெரியாது. அதில் ஒரு மைன்ஸ் தொழிலாளி ஷிப்டுக்குப் போய்த் திரும்பி வருவதில்லை. அவன் மனைவி அழவில்லை. யாருக்கும் சாப்பாடு கட்டாமல், அப்பா தூங்குகிறார் என்று பிள்ளைகளை அதட்டாமல், நிம்மதியாகத் தூங்குகிறாள். அவளை அழவைத்தும் பார்த்தேன், பொய்யாக இருந்தது.

(இவர் நல்லவர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் எப்போதோ படிக்கக் கொடுத்திருப்பேன்.)

5

முடிவு ஒன்று: "அவ்ளோதாங்க" என்கிறேன். கதை போகிறது.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறேன். இவர் எதையும் திறந்து பார்க்காமல் எடுத்து வைக்கிற ஆள் இல்லை.

நடந்தது இரண்டும் இல்லை. "யோசிச்சி சொல்லு. சாயங்காலம் எங்க ஷிப்ட் ராஜேந்திரங்கிட்ட எடுத்து வைக்க ஹார்ட் டிஸ்க்கு வாங்கியாறேன்" என்று போய்ப் படுத்துவிட்டார். நைட் ஷிப்ட் அலுப்பு. குறட்டை கேட்கிறது. நான் அதே கணினியில், அந்தக் கதைக்குப் பக்கத்தில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்து இது வெளியே போக இவர் கை ஒன்றுதான் வழி.

ஆகவே வாசகரே, முடிவு என்னிடம் இல்லை. இது உங்களிடம் வந்திருந்தால், உங்களுக்கு முன்பே இவர் படித்திருக்கிறார். படித்துவிட்டு என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு எழுத எனக்குத் தெம்பில்லை.