கம் ஆனுக்கு என்ன தமிழ்?

அந்த 'கம் ஆன்' மட்டும் இல்லாதிருந்தால் அண்ணி எப்போதோ எழுதி முடித்துவிட்டு நிம்மதியாகக் காலை நீட்டியிருப்பாள். அந்த ஆங்கிலப் படம் என்னவோ நல்ல படம்தான். மகளைச் சைக்கிள் பந்தயத்துக்குத் தயார் செய்கிற ஒரு தாயின் கதை. ஆனால் அந்தத் தாய்க்காரி வாயைத் திறந்தால் கம் ஆன்! மகள் மிதித்தாலும் கம் ஆன், மிதிக்காவிட்டாலும் கம் ஆன். கிளம்பாத காரைத் தட்டிக்கொடுத்து ஒன்று, பொய் சொல்கிற பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துக் கண்ணை உருட்டி ஒன்று. ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி குடித்தனமே நடத்துகிறாள், அடேயப்பா!

டப்பிங்குக்குத் தமிழ் எழுதுவதில் அண்ணிக்கு இதுதான் முதல் படம். படத்தை வாங்கிய முதலாளி போட்ட கட்டளையும் ஒன்றே ஒன்றுதான். ஆங்கிலம் ஒரு வார்த்தைகூட வரக்கூடாது.

"கம் ஆன்னு ஊரே சொல்லுது சார்," என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஊர் சொல்லிட்டுப் போகட்டும். என் படம் சொல்லக் கூடாது," என்றுவிட்டார் மனிதர்.

அர்த்தம் பொருந்தினால் மட்டும் போதுமா? உதடும் பொருந்த வேண்டுமே! 'கம் ஆன்' என்னும்போது உதடு நடுவில் ஒருமுறை ஒட்டித் திறக்கும். தமிழும் அதே இடத்தில் ஒட்டித் திறக்க வேண்டும். அண்ணி கண்ணாடி முன்னால் நின்று வாயைக் கோணிக் கோணிப் பார்த்தாள். பொய்க்காரனுக்கு "சும்மா!" என்று கிடைத்தது. காருக்கு "ஓடும்மா." மேட்டில் மூச்சு வாங்கும் மகளுக்கு "ஏறும்மா, ஏறும்மா!" இந்தக் கடைசி வார்த்தை சமைக்கும்போது கிடைத்த சந்தோஷத்தில் அடுப்படியில் அவள் போட்ட கூச்சலைக் கேட்டு, கையைச் சுட்டுக்கொண்டாளோ என்று கணவன் ஓடிவந்தான்.

படத்தில் அந்தத் தாய்க்குக் குரல் கொடுப்பவள் கணவனின் தங்கை. ஒரே வீடு, இப்போது ஒரே ஸ்டுடியோ. நாத்தனாருக்குக் குரல் தேன்தான். ஆனால் அண்ணியிடம் பேசும்போது மட்டும் அந்தத் தேன் எங்கே போகுமோ தெரியாது. "இதை வாய்ல நுழைச்சுக் காட்டுங்க அண்ணி, அப்புறம் நான் பேசறேன்," என்பாள். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றி எழுதுவாள்.

இன்று கடைசிக் காட்சி. மகள் சைக்கிளிலிருந்து விழுந்து மயங்கிக் கிடக்கிறாள். தாய் அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மூன்று முறை 'கம் ஆன்' சொல்ல வேண்டும். அண்ணி மூன்றுக்கும் "வாம்மா" என்று எழுதியிருந்தாள். நாத்தனார் பேசி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலாளியின் குரல் வந்தது.

"எங்க கூப்பிடறாங்க? கடைக்கா?"

ஒலிப்பதிவு இன்ஜினியர் சிரிப்பை அடக்க இருமினார். முதலாளி சிரிக்கவில்லை.

"மூஞ்சி பூரா திரையில நிக்குது. இந்த மூணு வார்த்தை சரியா விழலைன்னா படமே விழுந்துடும். நான் போய் டீ குடிச்சுட்டு வரேன். அதுக்குள்ள வரலைன்னா முழுப் படத்தையும் எனக்கு வழக்கமா எழுதற ஆள்கிட்ட குடுத்து மறுபடி எழுதச் சொல்லிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அண்ணி எழுதிய காகிதத்தை அள்ளிக்கொண்டாள். நாத்தனார் நின்ற மைக் அறைக்குள் ஓடினாள். "சொல்லும்மா" சொல்லிப் பார், "கேளும்மா" சொல்லிப் பார் என்று நாத்தனாரைப் படுத்தி எடுத்தாள். உதடு பொருந்தியது, உயிர் பொருந்தவில்லை. கடைசியில் அப்படியே தரையில் உட்கார்ந்து காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், போச்சு.

நாத்தனார் ஹெட்போனைக் கழற்றினாள். "என்னம்மா?" என்றாள். அண்ணி காகிதத்தை எடுக்கவில்லை.

"ஏம்மா!" என்று அதட்டினாள். அதற்கும் அசைவில்லை. பிறகு அவளும் தரையில் உட்கார்ந்து, காகிதத்தை விலக்கி, அண்ணியின் முகவாயைத் தொட்டாள். குரல் கம்மிப்போயிருந்தது. "எழும்மா."

அண்ணி விருட்டென்று எழுந்த வேகத்தில் மைக்கில் தலையை இடித்துக்கொண்டாள்.

"திரும்பச் சொல்லு!"

"எதை?"

"இப்ப சொன்னியே, மூணையும்! அந்தம்மா மூணு தடவையும் ஒண்ணையே சொல்லலடி. முதல்ல என்னாச்சுன்னு கேக்கறா. அப்புறம் பயத்துல கோவப்படறா. கடைசில கெஞ்சறா. நான் ஒரு மடச்சி, மூணுக்கும் ஒரே வார்த்தையை எழுதி வெச்சிருக்கேன்!"

"அண்ணி, என்னை 'டி' போட்டீங்க."

"போட்டேன், இப்ப என்னங்கற? மைக் முன்னாடி நில்லுடி!"

படம் ஓடியது. "என்னம்மா… ஏம்மா!… எழும்மா." திரையிலிருந்த அந்நியப் பெண்ணின் வாயிலிருந்தே தமிழ் வந்தது. சொல்லச் சொல்ல நாத்தனாரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இன்ஜினியர் பதிவை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தார். கதவருகில் டீ டம்ளரோடு முதலாளி நின்றிருந்தார், எப்போது வந்தாரோ!

"இன்னொரு தடவை போடுங்க," என்றார் அவர்.

மறுபடி போட்டார்கள். முதலாளி மூக்கை உறிஞ்சினார்.

"அடுத்த படமும் நீங்களே எழுதுங்கம்மா. அதுல ஒருத்தன் எதுக்கெடுத்தாலும் 'கெட் அவுட்', 'கெட் அவுட்'டுங்கறான், படுபாவி. அவனுக்கும் ஒரு வழி பண்ணுங்க."

அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இல்லாவிட்டால் அலறியிருப்பாள். அவ்வளவு சந்தோஷம். நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, முதல் வேலையாக வீட்டுக்கு போன் போட்டாள்.

"அண்ணா, நாங்க வர நேரமாகும். இன்னைக்குச் சமையல் நீதான்."

"நாங்கன்னா யாரு?" என்று அண்ணன் திகைத்துக் கேட்டது பக்கத்தில் நின்ற அண்ணிக்கும் கேட்டது.

"நானும் இவளும்தான்," என்றாள் நாத்தனார், அண்ணியின் தோளில் கையைப் போட்டபடி. "வேற யாரு?"