பகீத் சாகாமல் கிடந்த வருஷங்கள்

நஃபாதி சுட்ட குண்டு பகீதின் இதயத்தைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்சுவரில் பதிந்த வருஷம், சோஹாக் சந்தையில் வெங்காயம் நல்ல விலை போனது. பகீத் சாகவில்லை. சாகக் கூடாது என்று முடிவு செய்திருந்தான். முந்தின வருஷம் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் நஃபாதியின் தம்பி மண்டையை மண்வெட்டியால் பிளந்தவன் இவன்தான். எங்கள் நைல் கரையில் பழி தீராமல் செத்தவனுக்குத் துக்கக் கூடாரம் போட மாட்டார்கள், ஆறுதல் சொல்ல வருகிறவர்களை வாசலோடு திருப்பிவிடுவார்கள். பகீத் செத்தால் நஃபாதி தன் தம்பிக்குக் கூடாரம் போடுவான். ஆனால் அதே நாளில் பகீதின் ஒரே மகன் யாஸின் துப்பாக்கியைத் தூக்கியாக வேண்டும். நஃபாதி வீட்டில் மிச்சமிருந்த ஆண் நஃபாதி மட்டும்தான். அவனைச் சுட்டுவிட்டு யாஸின் ஜெயிலுக்குப் போக வேண்டும், இல்லை முந்திக்கொள்ளும் குண்டில் சாக வேண்டும்.

பகீதுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. சுகாதார நிலையத்துப் பெண் டாக்டர் இக்பால் அவன் விரலில் நாடித்துடிப்பை எண்ணும் ஒரு சின்னக் கருவியை மாட்டி, "நம்பரப் பாரு. மெதுவா இழு, அதவிட மெதுவா விடு. எறங்குதா? நீதான் எறக்குற" என்று பழக்கியிருந்தாள். அந்தப் புத்தி மண்வெட்டியைத் தூக்கும்போது வந்திருந்தால் எத்தனையோ மிச்சம். சுடப்பட்ட அன்று அவன் மனைவி ஸாபிரா ஓடிவந்து கருவியை விரலில் மாட்டினாள். "நம்பரப் பாருங்க, யாஸின் அப்பா. என் மொகத்தப் பாக்காதீங்க." அங்கி முழுக்க ரத்தம். எண் நாற்பதானது, இருபதானது, பத்துக்குக் கீழே போனது. ரத்தம் நின்றது. டாக்டர் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, ஈ மொய்க்காமல் மூடிவைக்கச் சொன்னாள். வேறென்ன சொல்வாள், பாவம்.

"என்னய்யா, பட்டாசு வெடிச்சியா?" என்று காப்பிக் கடையில் நஃபாதியை ஓட்டினார்கள். மானம் போனவன் சும்மா இருப்பானா? நோன்பு முடிந்ததும் வந்து வயிற்றில் சுட்டான். கரும்பு வெட்டு முடிந்ததும் வந்து கழுத்தில் சுட்டான். அடுத்த குண்டில் பகீதின் கன்னமும் கடைவாய்ப் பற்களும் போயின. பகீத் கட்டிலில் சாய்ந்தபடி எண்ணைப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"செத்துத் தொலையேண்டா. என் தம்பிக்கு ஒரு கூடாரம் போட விட மாட்டியா?" என்று நஃபாதி ஒருநாள் அழுதேவிட்டான்.

"எம்புள்ள கையில ரத்தம் படும்னா சாக மாட்டேண்டா. நீயும் கொஞ்சம் மூச்சுப் பழகு. மூஞ்சி செவந்து கெடக்கு பாரு."

யாஸினும் லேசுப்பட்டவன் இல்லை. துப்பாக்கியைத் துடைத்து எடுத்துவந்து, "ஒரு வார்த்த சொல்லுப்பா" என்று நிற்பான். "நான் செத்தேனாடா? உயிரோட இருக்கிறவனுக்கு எவன் பழி வாங்குவான்? போய்ப் படி" என்று துரத்துவான் பகீத். யாஸின் வாத்தியாரானான், கல்யாணம் பண்ணினான், பிள்ளைகள் பெற்றான். அத்தனை வருஷமும் பகீத் ஒரு நல்ல கோபம் படவில்லை, வாய்விட்டுச் சிரிக்கவில்லை. பேரனைத் தூக்கினால் எண் ஏறுகிறது என்று தூக்கவும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நஃபாதி பகீத் வீட்டு வாசலிலேயே, துப்பாக்கியில் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தான்.

"நெசமா செத்துட்டானா?" என்று பகீத் கேட்டான்.

"செத்துட்டான்."

"கழட்டு."

ஸாபிரா கருவியைக் கழற்றினாள். பேரன்களைத் தூக்கி மடியில் வைக்கச் சொன்னான். வைத்தார்கள். இதயம் குதிரை மாதிரி ஓடியது. அவன் சத்தமாகச் சிரித்தான். பிள்ளைகளை இறக்கியதும் எல்லா ஓட்டைகளும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. இத்தனை வருஷத்து ரத்தமும் படியிறங்கித் தெருவில் கணுக்காலளவு நின்றது.

காலையில் அப்பாவை அடக்கிவிட்டு யாஸின் திரும்பி வந்தபோது, நஃபாதியின் மூத்த மகள் நஈமா தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். உள்ளே மூன்று பெண்களும் ஒரு பிணமும்தான்.

"தூக்க ஆளில்ல, யாஸின்."

"சந்தூக்கு முன்கால நான் புடிச்சுக்கிறேன். மத்ததுக்கு ஆள் கூப்பிடுறேன்."

எதிரி வீட்டுப் பிணம் கிடந்த சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அங்கியை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, அவன் தன் அப்பாவின் ரத்தத்தில் இறங்கி நடந்தான்.