மெழுகில் மீண்ட முகம்

கடல்மேல் எழுந்த வெண்பனி கரையேறிக் கூரைகளைத் தழுவி, கல் பாவிய தெருக்களில் நடப்போரை கழுத்தளவு விழுங்கித் தலைகளை மட்டும் மிதக்கவிட்ட ஒரு பிற்பகலில், துறைமுகத்தை அடுத்த கட்டடத்தின் குளிர்ந்த கீழறையில், உடல் பதனிடும் பெண்ணொருத்தி இறந்த முதியவரின் முகத்தருகே குனிந்திருந்தாள். பண்டையோர் தம் மன்னரை உவர்மண்ணில் உலர்த்தி, பிசின் தோய்ந்த துணியால் பொதிந்து காத்த அக்கலை, குருதி வடித்து மருந்துநீர் ஏற்றும் நுண்தொழிலாய் அவள் கைக்கு வந்திருந்தது. தொலைநாட்டில் வாழும் அவர் மகள் வந்து சேரும்வரை ஏழு நாளும் அவ்வுடல் கெடாதிருத்தல் வேண்டும்.

முதியவரின் மனைவி நாள்தோறும் வந்தாள், அழவில்லை, திருத்தம் ஒன்றே கேட்டாள்.

"கன்னம் ஒட்டிப்போச்சும்மா, கொஞ்சம் நிரப்பிடு."

மறுநாள், "மூக்கு இவ்வளவு வளைவா வேண்டாம்."

அதற்கடுத்த நாள், "மோவாயில சின்னதா ஒரு குழி."

கணவரை இளமைக் கோலத்தில் வழியனுப்ப விழைகிறாள் போலும் என்றெண்ணி, இளமெழுகு குழைத்து அவள் கேட்டதெல்லாம் செய்த பதனிடுவோள், ஆறாம் நாள் முதியவரின் பழைய நிழற்படத்தை அருகே வைத்து நோக்கினாள். இளமையிலும் அவர் இவ்வாறு இருந்ததில்லை. அவருடைய எலும்புகளின்மேல் வேறெவனோ வந்து படுத்திருந்தான்.

ஏழாம் நாள் மகள் வந்தாள், கண்டாள், சுவரில் முதுகு மோதப் பின்வாங்கினாள்.

"அண்ணா!"

இருபது ஆண்டுகளுக்கு முன் கடலோடிச் சென்று, உடலும் கிட்டாது மறைந்துபோன அண்ணன்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? எங்கப்பா எங்க?" என்று தாயிடம் திரும்பினாள்.

"அவன் பேரையே எடுக்க விடலடி உங்கப்பா. அழறதுக்கு எனக்கு ஒரு முகம் கிடைக்கல. கொஞ்ச நேரம் அழுதுக்கிறேன். அப்புறம் இந்தப் பொண்ணு அவரைத் திருப்பிக் கொடுத்துடுவா."

அழுதாள், இருபது ஆண்டு தேங்கிய அழுகையைப் பனி சூழ்ந்த அவ்வறை கேட்டது. பின்னர் அவள் தலையசைக்க, பதனிடுவோள் வெந்நீரில் காய்ச்சிய தகட்டால் மெழுகை மெல்ல வழித்தாள். மகன் கரைந்து தந்தை எழும் இடைப்பொழுதில், இருவருமாய், எவருமல்லாததாய் ஒரு முகம் கிடந்தது.

"போயிட்டு வாடா," என்றாள் தாய்.

கடுகடுத்த பழைய முகம் முழுதும் வெளிப்பட்டதும், அவள் அதன் நெற்றியைத் தடவினாள்.

"இனிமேதாங்க உங்களுக்காக நான் அழணும்."

நல்லறிவுடையீர், சினந்து நின்ற மகள் என் செய்தாள் என்பீரோ? வழித்த மெழுகையெல்லாம் உருண்டையாய்த் திரட்டி, தந்தையின் உள்ளங்கையில் வைத்து, விறைத்த விரல்களைத் தன் கையால் பொத்திக்கொண்டு நெடுநேரம் நின்றாள். மகனின் பெயரை ஒருநாளும் உரைக்காத அம்மனிதர், அவனை ஏந்தியவாறே மண்ணுள் இறங்கினார்.