பாயளவு புல்

தண்ணீர் லாரிக்காரன் முரட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு வாசலுக்குள் நுழையவும், செல்லக்கனி அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள்.

“லாரிய யாரு வரச் சொன்னது?”

“நாந்தான்” என்றார் ஆதிலிங்கம். செத்துப்போன அவள் புருஷன் சிவனாண்டியின் அண்ணன். அழுது அழுது அவருக்குக் கண் வீங்கிக் கிடந்தது. “எந்தம்பி பலசரக்குக் கடையில அம்புட்டு சம்பாதிச்சும் ஒத்த வாளித் தண்ணியிலதானம்மா காலம்பூரா குளிச்சான்? இன்னைக்காவது ஆசைதீரக் குளிக்கட்டும்.”

ஆசையா, அந்த மனுஷனுக்கா! செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரித்தால் ஊர் நாறடித்துவிடுமே என்று முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

தூத்துக்குடியில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குழாய்த் தண்ணீரோ நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், கல்யாணமான புதிதில், துறைமுகக் குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு அதிகாரி வீட்டுப் புல்தரையைப் பார்த்துத் தொலைத்தாள் செல்லக்கனி. நமக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று நச்சரித்தாள்.

“புல்லா? அது யானை கணக்கா தண்ணி குடிக்கும்ளா. முருங்கை வைக்கேன், எலுமிச்சை வைக்கேன். காயாவது தரும்” என்று சிவனாண்டி ஒரே போடாகப் போட்டார்.

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சில நாள் கழித்துப் பார்த்தால், பின்வாசலில் ஒரு பாயளவுக்குப் புல் பதித்து, பக்கத்தில் ஒரு கல்லும் போட்டிருந்தார். “நான் குளிக்கிற தண்ணி மட்டுந்தான் அதுக்கு. மேக்கொண்டு ஒரு செம்பு ஊத்துனா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

அன்றிலிருந்து அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் அவருக்குக் குளியல். வெயில் ஏறினால் தண்ணீர் காய்ந்துவிடும் என்று விடியலிலேயே குளிப்பார். தூர மூலைக்கு எட்டட்டும் என்று இடப்பக்கம் சாய்ந்து ஊற்றுவார். சோப்புத் தண்ணீர் பட்டுப் புல் கருகவும் சோப்பையே விட்டுவிட்டுப் பயத்தமாவுக்கு மாறினார். “அண்ணாச்சி மேல சுண்டல் வாசம்லா அடிக்கி!” என்று கடைக்கு வந்தவர்கள் கேலி பேசினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. புல்லும் வாடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த ஒரு வாரமும் புல்லை யாரும் நினைக்கவில்லை. இன்று காலை உடலோடு வீட்டுக்கு வந்த செல்லக்கனி, பின்வாசல் பக்கம் போனபோது அது வைக்கோல் நிறத்தில் கிடந்ததைப் பார்த்தாள். அவர் போய்விட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து கதறிவிட்டாள்.

இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “அத்தான், முன்வாசல்ல வேண்டாம். பின்னால, அவுக கல்லுல வச்சுக் குளிப்பாட்டுங்க.”

“என்னம்மா பேசுத? பந்தலு இங்கன கெடக்கு. ஊருமொறைன்னு ஒண்ணு இல்லியா?”

“இங்கன சிமிண்டுத்தரை. ஊத்துற தண்ணி பூரா சாக்கடைக்குப் போவும். அவுக குளிச்ச தண்ணி இன்னைய வரைக்கும் சாக்கடைக்குப் போனதில்ல அத்தான். அது என் புல்லுக்கு உள்ளது.”

ஆதிலிங்கம் பின்வாசலுக்குப் போனார். வெளிறிப்போன புல்லையும், தேய்ந்து வழவழத்த கல்லையும் பார்த்தார்.

“கோட்டிப்பய, கிறுக்குப்பய” என்றார் தம்பியை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, முன்வாசலுக்கு வந்து லாரிக்காரனைப் பார்த்துக் கத்தினார். “ஏலே, குழாயத் தெருவுல போடு! தண்ணி வேணுங்கிறவுக குடத்த எடுத்துட்டு வரட்டும்.”

அழ வந்த பெண்களில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்கு ஓடினார்கள், குடம் எடுக்க.

மகன் விஜயராஜ், அப்பாவைக் குளிப்பாட்டும் சடங்குத் தண்ணீரான நீர்மாலையைக் குடத்தில் எடுத்துவந்தான். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, சிவனாண்டி தன் கல்லில் உட்கார்ந்தார். எவனோ புது சோப்பைப் பிரித்தான்.

“சோப்பத் தொடாதல!” என்று ஆதிலிங்கம் பாய்ந்தார். “புல்லு கருகிரும். பயத்தமாவு எங்க?”

செல்லக்கனி டப்பாவைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

உடலை எடுத்துப் போனதும், பெண்கள் தலைக்குக் குளிக்க வேண்டும். மகள் இசக்கிசெல்வி வாளியோடு குளியலறை வரைக்கும் போனவள், நின்று, திரும்பி, பின்வாசல் கல்லுக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் அத்தைமாரும் சித்திமாரும் வாளியும் கையுமாக வந்துவிட்டார்கள்.

“ஏளா, முட்டாதிய, வரிசையா வாங்க!” என்று ஒருத்தி அதட்ட, எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செல்லக்கனி இந்தத் தடவை முந்தானையைத் தேடவில்லை.

கடைசியாக அவள் முறை வந்தது. ஒரே ஒரு வாளி. டப்பாவின் அடியில் மிஞ்சியிருந்த பயத்தமாவை உள்ளங்கையில் தட்டிக் குழைத்துத் தேய்த்துக்கொண்டாள். செம்பு நிறைய மொண்டாள். ஊற்றப்போனவள், தூர மூலையைப் பார்த்தாள். கல்லில் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.