வேடிக்கை பார்க்கப் போன காடு

முத்திருளன் மலேயாவில் ஒரு தோட்டத்து லாரி ஓட்டினான். போன வருஷம் ஊருக்கு வந்து, பெண்டாட்டி சீனியம்மாளையும் கைக்குழந்தை தங்கப்பொண்ணையும் கப்பலேற்றிக் கூட்டிப்போனான். வருஷம் திரும்புவதற்குள் மூவரும் உசிலம்பட்டிக்கே வந்துவிட்டார்கள். ஏன் என்று தெருவே கேட்டது. "அந்த ஊரு ஒத்துக்கிறல" என்றான். அதை நம்பிவிட்டுப் போகிற தெருவா எங்கள் தெரு? சீனியம்மாளோடு உட்கார்ந்து மூன்று படி பயறு உடைத்துக் கொடுத்து, முழுசாகக் கேட்டுக்கொண்டேன்.

அங்கே கடலோரம் ஒரு காடு. சர்க்கார் காவல் போட்டிருக்கிறதாம். விறகு பொறுக்கக் கூடாது, ஆடு மேய்க்கக் கூடாது; சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சும்மா பார்ப்பதற்கென்று ஒரு காடு! துரைமார் ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள் என்றதும் இவனுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, சோற்று மூட்டையோடு குடும்பத்தை இறக்கினான்.

ஒரு ஆள் போகிற பாதை. சீனியம்மாள் பிறந்தது பேரையூர். கருவேல மரத்தைத் தாண்டிக் காடென்று எதையும் பார்த்தவளில்லை. அங்கேயோ உச்சி வெயில்கூடத் தரையில் விழவில்லை. பனைத் தடிமனுக்குக் கொடிகள். மழை விட்டும் இலைகள் சொட்டிக்கொண்டே இருந்தன. இவர்கள் நடந்தால் பக்கத்துப் புதரும் அசைந்தது, நின்றால் நின்றது.

"மாமா, பொதருக்குள்ள என்னமோ வருது."

"கொரங்கா இருக்கும். பேசாம வா புள்ள."

"கொரங்கு மரத்துலல்ல இருக்கும்?"

முத்திருளன் நடையை எட்டிப் போட்டான்.

காடு முடிந்து மணல் வந்தது. கடல் எங்கோ தள்ளிக் கிடந்தது. நடு மணலில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. சுற்றிலும் வெட்டவெளி, எது வந்தாலும் தூரத்திலேயே தெரிந்துவிடும். மானாவாரி நிலத்தில் வளர்ந்தவளின் கணக்கு அது. குழந்தையோடு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று முத்திருளன் செம்பை எடுத்துக்கொண்டு, வழியில் பார்த்த ஓடைக்குத் திரும்பிப் போனான்.

குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், பாறையடியில் தண்ணீர். வானத்தைப் பார்த்தாள். பொட்டு மேகம் இல்லை. மழை இல்லாமல் எந்தக் கண்மாய் ஏறியிருக்கிறது? போய்விடும் என்றிருந்தாள். போகவில்லை. வந்த தடம் மறைந்தது. மணல் மறைந்தது.

அப்போது காட்டு விளிம்பில் முத்திருளன் செம்போடு வந்து நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால், இலைகளுக்குள், மஞ்சளாக ஒன்று தலையைத் தூக்கியது.

"மாமா! பின்னால பாரு!"

அலை இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. அவள் கையை ஆட்டியதை, காப்பாற்றக் கூப்பிடுகிறாள் என்றே நினைத்தான்.

"அசையாத புள்ள! இந்தா வாரேன்!"

செம்பைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தான். ஊர்க் கிணறுகளில் தலைகீழாகக் குதிக்கிறவன்தான். ஆனால் கிணறு ஆளை இழுக்காதே. தலை தெரிந்தது, மறைந்தது. சீனியம்மாள் சேலையை உருவி வீசினாள். இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அதைப் பிடித்து ஏறி வந்தான்.

கரையில் புலி உட்கார்ந்திருந்தது, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி அவசரமே இல்லாமல். குழந்தை சிணுங்கும்போதெல்லாம் அதன் காது இந்தப் பக்கம் திரும்பியது. சீனியம்மாள் மறுபடியும் குழந்தையை மாரோடு அமுக்கினாள். தண்ணீர் பாறை மேலேறி, நின்றிருந்தவர்களின் கணுக்காலைத் தொட்டது.

"நீந்தி வருமா மாமா?"

"புலி தண்ணிக்குள்ள எறங்காது."

"யாரு சொன்னா?"

"கொரங்குன்னு சொன்னேன்ல, அவன்தான் சொல்றேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாளாம். தண்ணீர் முழங்கால் வரை ஏறி நின்றது. பிறகு, வந்தது போலவே சொல்லாமல் கொள்ளாமல் வடிய ஆரம்பித்தது. புலி எழுந்து உடம்பை முறித்துக்கொண்டு காட்டுக்குள் போனது. இவர்கள் வந்த அதே பாதையில். லாரிக்குப் போக வேறு பாதை கிடையாது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

"நீ முன்னால போ. நான் பின்னால வாரேன்."

"முன்னால போறவள மொதல்ல அடிச்சிரும்."

"சரி, நான் முன்னால போறேன்."

"பின்னால வாரவளத்தான் கவ்வும்னு சொல்லுவாக."

கடைசியில், ஒரு ஆள் போகிற பாதையில் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி, குழந்தையை நடுவில் வைத்து நடந்தார்கள். இரு பக்கமும் பிரம்பு முள். கிழித்துக்கொண்டே இருந்தது. விலகினால் ஒருவர் பின்தங்க வேண்டும், யாரும் விலகவில்லை.

அவளுக்கு இடது தோளிலும் அவனுக்கு வலது தோளிலும் அந்தத் தழும்பு இருக்கிறது. அவளுடையதைக் கேட்டுப் பார்த்தேன். அவன் சட்டையில்லாமல் கிணற்றுக்குக் குளிக்கப் போகையில், அவனுடையதைக் கேட்காமலே பார்த்துவிட்டேன்.